சக்கை ஊறும் நேரம்

என் நோயின் முதல் அறிகுறி, ஒரு வாளியின் முன்னால் என்னால் சும்மா நிற்க முடியாமல் போனதுதான்.

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்கும் ஆரணிக்கும் நடுவே ஒரு குதிரைப் பண்ணையில் தீவனம் தயாரிப்பது என் வேலை. சில்வர் என்ற கிழட்டுப் பெண்குதிரைக்குப் பற்கள் தேய்ந்துவிட்டன, புல்லை மெல்ல முடியாது. அவளுக்கு பீட் சக்கைதான் ஆகாரம். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பீட் கிழங்குச் சக்கையைக் காயவைத்து அழுத்தி, கெட்டித் துண்டுகளாக மூட்டையில் அனுப்புவார்கள். ஒரு பங்கு சக்கைக்கு ஐந்து பங்கு தண்ணீர். காலை ஆறு மணிக்கு ஊறப்போட்டால் பதினோரு மணிக்குப் பொலபொலவென்று மலர்ந்திருக்கும். அதற்கு முன்னால் கொடுத்தால் தொண்டையை அடைக்கும். எங்கள் பக்கத்து வெயிலில் ரொம்ப நேரம் விட்டாலோ புளித்துவிடும்.

ஐந்து வருடமாக யோசிக்காமலே செய்த வேலை இது. அந்தக் கோடையில் அந்த ஐந்து மணி நேரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மூடியைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறந்து கிளறுவேன். வியர்வையில் புடவை நனையும். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டும் ஜாக்கெட் தொளதொளத்தது. படுத்தால் நெஞ்சு காதுக்குள் அடித்தது.

என் கணவர் டேவிட் சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னா ஸ்டெல்லா, கால்ல சுடுதண்ணி ஊத்திக்கினவ மாதிரி நின்ன எடத்துல நிக்க மாட்டேங்கிற? ஊடே பேஜாரா கீது."

சோற்றுத் தட்டை வீசினேன். பிறகு உட்கார்ந்து அழுதேன். நான் கெட்டவளாகிவிட்டேன் என்றுதான் நினைத்தேன், நோய் என்று தோன்றவே இல்லை.

ஒரு காலை எட்டு மணிக்கே சக்கையைத் தொட்டியில் கொட்டிவிட்டேன். கையில் பிழிந்துகூடப் பார்க்கவில்லை. நாலு வாய் தின்றதும் சில்வர் கழுத்தை நீட்டி இருமினாள். இரண்டு மூக்குத் துளைகளிலும் நுரையோடு சக்கை ஒழுகியது. உணவுக்குழாய் அடைப்பு (தின்றது வயிற்றுக்குப் போகாமல் வழியில் சிக்கிக்கொள்வது). கால்நடை மருத்துவர் வந்து, ஊசி போட்டு அவளை அமைதிப்படுத்தி, மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் செலுத்தி அடைப்பைக் கரைத்தார். அதுவரை நான் தலைக்கயிற்றைப் பிடித்திருந்தேன்.

முடிந்ததும் அவர் என் கையைப் பார்த்தார்.

"கயிறு ஏம்மா இப்படி ஆடுது?"

"பயம் சார். நான்தான் அவசரப்பட்டுக் குடுத்துட்டேன். திட்டுங்க."

"திட்டுறது அப்புறம்." என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். "இது பயம் மட்டும் இல்ல. ஓடுற குதிரை மாதிரி உங்க நாடி ஓடுது. கழுத்தும் வீங்கியிருக்கு. நாளைக்கே மனுஷ டாக்டரப் பாருங்க."

திருவள்ளூரில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹைப்பர்தைராய்டிசம் (கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரப்பது). இதயத்திலிருந்து மனம் வரை எல்லாவற்றையும் அது விரட்டும் என்று சொல்லி, சுரப்பைக் குறைக்க மாத்திரை எழுதினார் மருத்துவர் அம்மா. அப்பாடா, நான் கெட்டவள் இல்லை என்று சிரித்தேவிட்டேன். சில்வரின் மூக்கில் வழிந்த நுரை நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

"மாத்திர எப்ப டாக்டர் வேல செய்யும்?"

"ஒரு மாசமாவது ஆகும்மா. அதுவரைக்கும் படபடப்புக்கு வேற மாத்திரை தரேன். நடுவுல காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தா உடனே வந்துடணும்."

ஐந்து மணி நேரம் பொறுக்க முடியாதவளை ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறார். நாற்காலியை இறுகப் பிடித்தபடி தலையாட்டினேன்.

முதலாளி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. தீவன அறைச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் சாணம் அள்ளினேன். வேறொருவர் சக்கை ஊறவைப்பதைத் தள்ளி நின்று பார்த்தது எந்தப் படபடப்பையும்விட வலித்தது. ரத்தப் பரிசோதனை சரியான பிறகுதான் சாவி திரும்பி வந்தது.

இதே நோயில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேறிய பிறகு ஒரு குழப்பம் வரும். கை நடுங்கவில்லை, குரல் உயரவில்லை. "இப்பதான் நீ நல்ல பொம்பள" என்றார்கள் வீட்டிலும் பண்ணையிலும். எனக்கு அது பிடிக்கவில்லை. இந்தப் பொறுமை என்னுடையதா, மாத்திரையுடையதா? முன்பிருந்த கோபத்தில் கொஞ்சமாவது என்னுடையது இல்லையா?

போன வாரம் பண்ணைக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு முதலாளி வாசலில் வந்து நின்றார்.

"குதிரை சாப்பிடறத அவங்க பாக்கணுமாம். மூணு மணி நேரம் ஊறிடுச்சுல்ல, போடு ஸ்டெல்லா."

ஒரு பிடி எடுத்துப் பிழிந்தேன். நடுவில் கொட்டையாகத் தட்டுப்பட்டது.

"முடியாது சார். உள்ள கல்லாட்டம் கீது. யார் வந்தாலும் பதினோரு மணிக்குத்தான்!"

நான் நினைத்ததைவிடப் பெரிதாகக் கத்திவிட்டேன். அவர் விருந்தாளிகளிடம் திரும்பிப் போய்விட்டார். வாளியை மூடிவிட்டு, என் மணிக்கட்டில் விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். எழுபத்து நான்கு, சரியான அளவு.

அப்படியானால் அந்தக் கோபம் என்னுடையதுதான்.

லாயத்தில் சில்வர் பொறுமையில்லாமல் குளம்பால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இருடி," என்றேன். "எனக்குந்தான் பசிக்குது."