பின் அச்சு மட்டும்

என் தங்கச்சி புருஷனை எல்லோரும் ‘ஒசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்கு வைத்த பெயர். அவருக்கு அது பிடித்துப் போனதுதான் கொடுமை. குள்ளமாய்ப் பிறந்தது அவர் குற்றமில்லை, நானும் ஒன்றும் நெட்டையன் கிடையாது. ஆனால் போட்டோ எடுத்தால் படியில் ஏறி நிற்பதும், செருப்புக்குள் அட்டையை மடித்து வைத்துக்கொள்வதும், என் பட்டறைக்கு வந்தால் ஸ்டூலை விட்டுவிட்டு வேலை மேசை மேல் ஏறிக் காலாட்டுவதும் பார்க்கச் சகிக்காது. மாப்பிள்ளை ஆயிற்றே, வாயைத் திறக்க முடியுமா? “வாங்க மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

தங்கச்சி பால் ஏற்றுகிறவள். பள்ளத்திலிருக்கும் மாட்டுப் பண்ணைகளில் கேன்களை ஏற்றி, மேட்டு உச்சியிலிருக்கும் குளிரூட்டும் நிலையத்தில் இறக்க வேண்டும். அதற்காகவே நாலு சக்கரமும் இழுக்கிற பிக்கப் வாங்கினாள். ஒப்பந்தம் அவள் பெயரில், வண்டி அவள் பெயரில். ஓட்டுவது மட்டும் அவர். வீட்டில் அடுப்பு எரிவதே அந்த ஒப்பந்தத்தால்தான்.

அந்த வண்டிக்கு மனுஷன் ஒரு நாள் டிராக்டர் சக்கரம் மாதிரி நாலு டயரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். சிக்னலில் பக்கத்து ஜீப்காரன் குனிந்து பார்த்தானாம், அதற்காக இத்தனையும்.

பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் உருளும்; அதைச் சுற்றவைக்க எஞ்சினுக்குத் தெம்பு பத்தாது. வண்டி ஃபர்ஸ்ட் கியரில் முக்கி முனகி மேடு ஏற, கிளட்ச் கருகி நாற, ஒரு லோடு பால் வழியிலேயே புளித்துத் திரும்பி வந்தது. இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு வண்டி பார்த்துக்கொள்வோம் என்று நிலையத்து மேலாளர் தங்கச்சியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அவள் அழாத குறையாக அவரையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பழைய டயரை மாட்டுங்கள், இல்லையென்றால் அச்சுக்குள் இருக்கிற கிரவுன், பினியன் பல்சக்கர ஜோடியை மாற்றுங்கள் என்றேன். டயரைக் கழற்றுவதா? மாப்பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். சரி, தொலையட்டும் என்று கணக்குப் போட்டேன். பினியன் மூன்றே முக்கால் சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று வரும், கம்பெனி போட்டது அது. டயர் பெருத்ததற்கு மட்டும் என்றால் நாலே கால் போதும். பால் லோடும் மேடும் சேர்ந்தால் நாலரைக்குக் குறைத்துப் போடவே கூடாது. உடனே அவருக்கு ஹைவேயில் வேகம் குறையுமே என்று கவலை. பால் கேனை வைத்துக்கொண்டு யாரோடு ரேஸ் விடப் போகிறாராம்?

அடுத்து இன்னொன்று கேட்டார்.

“முன்னாடி எதுக்கு மச்சான் மாத்தணும்? அது சேத்துல மட்டும்தானே இழுக்குது. பின் அச்சுக்கு மட்டும் போட்டுடலாம்.”

முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கணக்கில் சுற்ற வேண்டும், ஆளுக்கொரு கணக்கென்றால் நாலு சக்கர லீவரை இழுத்ததும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, நடுவில் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியே சிதறிப்போகும் என்று தொண்டை வறளச் சொன்னேன். இரண்டையும் மாற்றுவதாக இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் நான் கை வைக்க மாட்டேன். மண்டையை மண்டையை ஆட்டினார். அப்புறம் பட்டறைப் பக்கமே தலை காட்டவில்லை.

வேறெங்கோ செய்துகொண்டார் என்று காதில் விழுந்தது. வண்டியும் மேடு ஏறியது, பாலும் நேரத்துக்குப் போனது. கூரை மேல் வரிசையாய்ப் புது விளக்குகள் வேறு. எப்படியோ ஒழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் ‘ஒசரம்’ முதுகுவலி என்று படுத்துவிட்டார். தங்கச்சியே வண்டியை எடுத்தாள். பண்ணை வாசலில் சேறு; லீவரை இழுத்தாள். சேற்றில் வழுக்கிக்கொண்டே வெளியே வந்த வண்டி, சக்கரம் வழுக்க இடம் கொடுக்காத தார் மேட்டில் ஏறியதும் கதறிக்கொண்டு நின்றுவிட்டது.

அவள் போன் செய்ததும் பட்டறை ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். அடியில் படுத்துப் பார்த்தால் அந்த நடுப் பெட்டி வாய் பிளந்து கிடந்தது, ரோடெல்லாம் எண்ணெய். சாய்ந்த கேன்களிலிருந்து பால் வழிந்து எண்ணெயோடு கலந்து ஓடியது.

முதுகுவலிக்காரர் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பெண்டாட்டி முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து சக்கரங்களைத் தட்டிப் பார்த்தார்.

“நல்லவேளை, டயருக்கு ஒண்ணும் ஆகல.”

சீ, இதுவும் ஒரு பிறவியா என்று காறித் துப்பத் தோன்றியது.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். “முன்னாடி பின்னாடி ரெண்டும் நீதான் மாத்திக் குடுத்தேன்னு சொன்னாருண்ணா. நீ செஞ்ச வேலைன்னு நம்பித்தான் லீவர இழுத்தேன்.”

“நான் இந்த வண்டியத் தொடவே இல்லம்மா” என்றேன்.

முன் அச்சுக்கென்று அவள் கொடுத்த பணத்தில்தான் கூரை மேல் அந்த விளக்குகள் வந்தன என்பது அவர் வாயிலிருந்து இழுத்து இழுத்து வெளியே வந்தது. அதற்குள் மேலாளர் போனில் கூப்பிட்டார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், “சரிங்க சார்” என்று வைத்தாள். வேறு வண்டி பேசியாகிவிட்டதாம்.

நான் ஜீப்பில் கயிறு கட்டினேன். பிக்கப்பில் ஒருவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். வழக்கம்போல மாப்பிள்ளை தாவி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

தங்கச்சி கதவைத் திறந்தாள்.

“இறங்குங்க.”

“ஏன், நான் பிடிக்கிறேனே...”

“வண்டி என்னுது. இறங்குங்க.”

இறங்கினார். அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜீப்பைக் கிளப்பிக் கண்ணாடியில் பார்த்தேன். மழையில் ஊறிப் பிதுங்கிய அட்டையைச் செருப்பிலிருந்து உருவி எறிந்துவிட்டு, மாப்பிள்ளை பின்னாலேயே நடந்து வந்துகொண்டிருந்தார்.