அப்பா முதன்முறையாகக் கேட்ட மாஸ்க்

இன்று காலையிலேயே அப்பா சவரம் செய்திருந்தார். அதைத்தான் முதலில் கவனித்தேன்.

ஊரடங்குக்காக மதுக்கடையை மூடிய நாளிலிருந்து அவர் குடிக்கவில்லை. அம்மாவும் அடி வாங்கவில்லை.

இன்று கூடலூரில் கடையைத் திறக்கிறார்கள். ஊரடங்கு இன்னும் முடியவில்லை.

நான் மாஸ்க் தைத்துக்கொண்டிருந்த மெஷின் பக்கம் அப்பா வந்து நின்றார்.

"ஆத்தா, எனக்கொண்ணு குடு. இது இல்லாட்டி சரக்கு தர மாட்டாகளாம்."

இத்தனை நாளும் நான் கெஞ்சியும் அவர் போட்டதில்லை.

அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். "நோய்க்குப் போடாத மனுசன், பாட்டிலுக்குப் போடுறாக பாரு!"

"போகாதீகப்பா," என்றேன்.

"கவர்மெண்டே தெறந்து வச்சிருக்கு. அப்பன் போனா மட்டும் தப்பா?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

மாஸ்க்கின் நாடா அவர் காதுக்கு எட்டவில்லை. பிரித்து, நீளமாகத் தைத்துக் கொடுத்தேன்.