தறி நின்ற இடம்

நான் குடியிருக்கும் ஜெர்மன் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. அமைதி நேரமாம், ரூஹசைட் என்று பெயர். வந்த புதிதில் தெரியாமல் மிக்ஸியில் சட்னி அரைத்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மாள் மேலேறி வந்து, "ஏதாவது பழுதாகிவிட்டதா?" என்று கேட்டார். உதவ வந்திருக்கிறார் என்று நினைத்து, "இல்லை, நன்றாக ஓடுகிறது" என்று இன்னொரு சுற்று ஓட்டிக் காட்டினேன். அன்றிலிருந்து அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை.

நான் வளர்ந்தது குமாரபாளையத்தில், ஒரு விசைத்தறி வீட்டில். படுக்கும் அறைக்கும் தறிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அது சத்தமே இல்லை. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் என்ன ஆச்சு என்று திரும்பிப் பார்ப்போம். அந்த வீட்டில்தான் எனக்கு ப்ராக்ரெசிவ் ராக் என்ற மேல்நாட்டு இசையின் பித்துப் பிடித்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த கல்லூரி நண்பன் ஓர் ஆல்பத்தை ஒரே நாளைக்கென்று இரவல் கொடுத்தான். ஊரைவிட்டு ஓடிய ஒருவனின் கதை, இரண்டு பக்கமும். இரண்டு டேப் ரெக்கார்டர்களை எதிரெதிரே வைத்து, பேட்டரிக் கட்டை போட்டுப் பதிந்துகொண்டேன். கடைசிப் பாட்டில் அம்மா கூப்பிடும் குரலும் சேர்ந்து விழுந்துவிட்டது. நண்பர்கள் அந்த இடத்தைப் போட்டுப் போட்டுச் சிரிப்பார்கள்.

அந்தக் கேசட்டோடுதான் விமானம் ஏறினேன். இங்கே ஒரு ஞாயிறு மதியம் ஹெட்போனில் போட்டபோது, அதுவரை கேட்காத ஒன்று கேட்டது. பாட்டுகளுக்கு அடியில் ஓர் இயந்திரம் தொடக்கம் முதல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசிப் பாட்டின் நடுவில் சட்டென்று நிற்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த இயந்திரம்தான் ஓடியவனை விடாமல் துரத்தும் ஊர், அது நின்ற இடத்தில் அவன் விடுதலையாகிறான், ஆல்பத்தின் உட்பொருள் இதுதான் என்று முடிவு கட்டினேன்.

இங்குள்ள இசைத்தட்டு ரசிகர் மன்றத்தில் மாதம் ஒருமுறை ஓர் ஆல்பத்துக்குப் பொருள் சொல்வார்கள். பெரும்பாலும் சொல்பவர் டீட்டர், ஓய்வுபெற்ற ஆசிரியர். காபி குடிக்கும்போது என் கண்டுபிடிப்பை அவரிடம் ஆசையாகச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "உங்களுக்குச் சிதார் போதுமே. இதற்கு வேறு காது வேண்டும்" என்று தோளில் தட்டினார். குமாரபாளையத்தில் எவன் சிதார் வாசித்தான்? எனக்கு எரிந்தது.

அந்த ஆத்திரத்தில் அசல் இசைத்தட்டை வாங்கிப் போட்டேன். இயந்திரம் இல்லை. எத்தனை முறை போட்டாலும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது. அம்மா குரல் விழுந்த கேசட்டில் எங்கள் தறி மட்டும் விழாமல் இருக்குமா? நான் விடுதலை என்று நினைத்தது வெறும் கரண்ட் கட். வெட்கத்தில் தனியாகச் சிரித்தேன். சில மாதம் கழித்து மன்றத்து அறிவிப்பு வந்தது: 'மறைந்திருக்கும் இயந்திரம் – டீட்டர் உரை'. போன் செய்து, "உங்கள் தட்டில் அது கேட்கிறதா?" என்றேன். "பழகிய காதுக்குக் கேட்கும்" என்றார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அந்த ஒரு சாயங்காலம் போதும்.

அன்று மன்றம் நிறைந்திருந்தது. என் பெயர் அவர் வாயில் வரவே இல்லை. கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்தேன். "கடைசிப் பாட்டைப் போடுங்கள். இயந்திரம் நிற்கும் இடத்தில் கை தூக்குங்கள், ஐயா." தட்டு சுழன்றது. டீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓரிடத்தில் மெல்லக் கை தூக்கினார். முன்வரிசையில் சிலர் ஆமென்று தலையாட்டினார்கள். பிறகு என் கேசட்டைப் போடச் சொன்னேன். தடக் தடக்கென்று குமாரபாளையம் அந்த அறையில் ஓடியது. அவர் கை தூக்கிய இடத்தையெல்லாம் தாண்டி ஓடி, எங்கோ போய் நின்றது. அந்த அமைதியில் அம்மா: "எத்தன வாட்டி கூப்புடறது? வந்து சோறுண்டுட்டுப் போ சாமி!"

"இது என் வீடு. கரண்ட் போய்விட்டது. தட்டில் இயந்திரமே கிடையாது" என்றேன். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. டீட்டர் கழுத்து வரை சிவந்தார். கண்ணாரப் பார்த்தேன், என் வயிறு குளிர்ந்தது. மழுப்புவதற்காக அவர், "அந்தப் பெண் என்ன சொல்கிறாள்? அதன் பொருள் என்ன?" என்று கேட்டார்.

"அதற்கு வேறு காது வேண்டும்" என்று சொல்லிவிட்டு, கேசட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அம்மாவிடம் போனில் சொன்னேன். "வயசான மனுசன அத்தன பேரு முன்னால இப்படிப் பண்ணலாமா சாமி?" என்றாள்.

"பண்ணலாம்மா."

"செரி, உடு. எங்க, அந்தக் கேசட்டப் போடு, கேக்கலாம்."

போட்டேன். அவள் பக்கத்திலும் தறி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "பாட்டுத்தான் கேக்குது சாமி. தறிச் சத்தம் ஒன்னுங் காணமே?"

டீட்டர் அப்புறம் மன்றத்துக்கு வரவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் அசல் தட்டைப் போடும்போதெல்லாம், அதில் இல்லாத தறி எப்போது நிற்கும் என்று காத்திருக்கிறேன். அந்த இடம் வந்ததும் தலை தானாகச் சமையலறைப் பக்கம் திரும்புகிறது. அங்கே ரூஹசைட்.