அக்கா ஊரில் பன்னிரண்டு நிமிடம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பாதிவிலை என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். பெயிண்ட் கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். எதை வாங்கினாலும் பாதி விலைக்கு வாங்கியதாகச் சொல்வார். அவர் போட்டிருக்கும் செருப்புகள் இரண்டும் ஒரே நிறம், ஆனால் ஒரே அளவு இல்லை. வலது கால் கடிக்கும். கடிப்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. விலையை மட்டும் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அவர் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதில் அவளுக்கு ஒன்று பிடிபட்டிருந்தது. மலிவாக வாங்குவது அவருக்குச் சிக்கனம் இல்லை, வித்தை. வித்தை காட்டுகிறவனுக்குக் கூட்டம் வேண்டும். அந்த வீட்டில் கூட்டம் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

அவருடைய தம்பி மகனுக்குக் கல்யாணம் வந்தது. தம்பி இருக்கும் ஊருக்கு ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டும். வழியில் வரும் ஜங்ஷன்தான் அவளுடைய அக்காவின் ஊர். கணவர் இறந்த பிறகு அக்கா வீட்டை விற்றுவிட்டு, குளிர் நாடு ஒன்றில் இருக்கும் மகனிடம் போகப் போகிறாள். விசா வந்துவிட்டது. போனவள் திரும்பி வருவாள் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

"போற வழியில அக்கா வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாங்க," என்றாள். அவரிடம் அவள் வாய்விட்டு எதையும் கேட்பது அபூர்வம்.

அவர் முகம் மலர்ந்தது. அக்காவை நினைத்து இல்லை. "நடுவுல எறங்கி ஏறுற டிக்கெட்டுலதான் விஷயமே இருக்கு. எங்கிட்ட விட்டுடு," என்றார். அவள் விட்டுவிட்டாள். அவள் செய்த தப்பு அதுதான்.

அதன்பின் அவருக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. கைபேசியில் விலை பார்த்தார். பார்த்த விலையை நம்பாமல் ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று கேட்டார். அங்கே சொன்னதையும் நம்பாமல் டிக்கெட் ஏஜெண்ட் கடையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எதுவும் வாங்காமல், அந்தப் பையனின் உயிரை வாங்கினார். இதற்காகக் கிடங்கில் இரண்டு முறை அரைநாள் விடுப்புப் போட்டார். சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். அதை அவர் டிக்கெட் விலையோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

முதலில் அவர் கொண்டு வந்த சேதி, ஜங்ஷனிலிருந்து மறுநாளே கிளம்பும் வண்டி விலை குறைவு என்பது. ஒரு நாள் குறைந்தால் என்ன, ஓர் இரவு இருக்கிறதே என்றார். அவள் அக்காவிடம் போனில் சொன்னாள். அக்கா சரி என்றாள். அடுத்த வாரம், காலையில் போய் இறங்கி மாலையில் வேறு வண்டி ஏறினால் இன்னும் குறைகிறது என்று கண்டுபிடித்தார். மறுபடியும் அவள் போன் செய்தாள். இந்த முறை அக்கா, "ரெண்டு நாள்னே, ஒரு நாள்னே, இப்ப பகல் மட்டும்ங்கிற. வரும்போது ஜன்னல் வழியா மொகத்தக் காட்டிட்டுப் போயிடுவியோ?" என்று சிரித்தாள்.

அவள் சிரித்த வாய்க்கு, அடுத்த வாரம் அதுவே நடந்தது. பாதிவிலை, டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளை போல உள்ளே வந்தார். ஒரே வண்டி, ஒரே டிக்கெட், எங்கேயும் இறங்க வேண்டியதில்லை என்றார்.

"அப்ப அக்கா?"

"அந்த வண்டி ஜங்ஷன்ல பன்னெண்டு நிமிஷம் நிக்குது. உங்கக்காவ பிளாட்பாரத்துக்கு வரச் சொல்லு. பன்னெண்டு நிமிஷம்னா சும்மாவா? ஒழுங்காப் பேசினா ஒரு வருஷத்துக் கதைய முடிச்சிடலாம்."

தேதியைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே போய்ச் சேருகிறார்கள். அன்றைக்குத்தான் விலை குறைவாம். அந்த மூன்று நாளும் தம்பி வீட்டுக் கூடத்தில், வாடகை நாற்காலிகளோடு நாற்காலியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மாற்ற முடியாதா என்று கேட்டாள். இந்த விலைக்குக் கொடுக்கும் டிக்கெட்டை மாற்றவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது என்று, அதுவும் ஒரு பெருமை போலச் சொன்னார். அக்காவுக்குப் போன் போட்டாள். அக்கா, "வர்றேன். பச்சைக் கொடியும் எடுத்துட்டு வரணுமா, வண்டிய அனுப்பி வைக்க?" என்றாள்.

அக்காவுக்காக அவள் இரண்டு சட்டைகள் தைத்து வைத்திருந்தாள். குளிருக்குக் கழுத்தை மூடும்படி உயரமான காலர். காலரில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பக்கத் தையல் போடவில்லை. அக்காவை நிற்க வைத்து அளவு பார்த்து, அக்கா வீட்டு மெஷினிலேயே அடித்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். இப்போது சட்டைகளையும் குண்டூசி டப்பாவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

விலைக்கேற்ற இடம்தான் கிடைத்திருந்தது. கடைசிப் பெட்டி, கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கை. பாதிவிலை எதிரில் இருந்தவரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று விசாரித்தார். அவர் நினைவில்லை என்றார். பாவம் என்பது போல அவரைப் பார்த்தார் பாதிவிலை.

வண்டி தாமதம். தாமதமான வண்டி தன் நேரத்தை நிற்கும் இடத்தில்தான் மிச்சம் பிடிக்கும். பன்னிரண்டு நிமிடமெல்லாம் கிடையாது, சீக்கிரம் எடுத்துவிடுவார்கள் என்று எதிரில் இருந்தவர் சொன்னார். அதோடு, கடைசிப் பெட்டி பிளாட்பாரத்துக்கு வந்தே சேரவில்லை. அவள் துணிப்பையோடு சரளைக் கல்லில் இறங்கி, சரிவில் ஏறி நடந்தாள். நடுவில் கடிகாரத்துக்குக் கீழே நின்றிருந்த அக்கா அவளைக் கண்டுகொண்டு எதிரே வந்தாள். பாதி வழியில் ஒரு பெஞ்சருகே சந்தித்துக்கொண்டார்கள்.

அக்கா இளைத்திருந்தாள். அவள் பையிலிருந்து சட்டையை எடுத்து அக்காவின் தோளில் போட்டாள். இரண்டு விரற்கடை பெரிதாக இருந்தது. குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு வலது பக்கத்தைப் பிடித்துக் குத்தினாள். அக்கா கையைத் தூக்கிக்கொண்டு, சின்ன வயதில் தங்கைக்குத் தான் கவுன் போட்டுவிட்டபோது தங்கை நின்றது போல, அசையாமல் நின்றாள். விசில் ஊதியது.

"வண்டி எடுக்கறாங்கடி," என்றாள் அக்கா.

இடது பக்கம் பாக்கியிருந்தது. அவள் வண்டியைப் பார்த்தாள். பிறகு இடது பக்கத்துக்கு வந்து துணியைப் பிடித்தாள்.

வண்டி நகர்ந்தது. ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து போயிற்று. கடைசிப் பெட்டி ஆனதால் பாதிவிலைக்கு அந்தப் பிளாட்பாரம் முழுவதையும் கடந்தாக வேண்டியிருந்தது. வாசலில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். ஏன் ஏறவில்லை என்று கேட்கவில்லை. என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை.

"டிக்கெட் எங்கிட்ட இருக்கு!" என்று கத்தினார்.

அவள் உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "பத்திரமா வச்சுக்கங்க," என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் டிக்கெட் பரிசோதகர் அவளை நிறுத்தினார். அக்கா பையைத் திறந்தாள். அவள் தடுத்து, டிக்கெட்டும் அபராதமும் சேர்த்துத் தானே கட்டினாள். குறைத்துக் கேட்கவில்லை.

அவர்கள் வீட்டுக்குப் போய், அவள் மெஷினைத் துடைத்து நூல் கோர்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அக்காதான் எடுத்தாள். அடுத்த ஸ்டேஷனிலிருந்து பாதிவிலை பேசினார். மனைவி பாதித் தூரம்தான் வந்திருக்கிறாள், மீதித் தூரத்துக்குக் காசு திரும்பக் கிடைக்குமா என்று ஜங்ஷன் கவுண்டரில் கேட்டுவிட்டு, அடுத்த வண்டியில் அவளை வரச் சொல்லுங்கள் என்றார்.

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை மிதியில் கால் வைத்துவிட்டாள்.

"கேட்டோம் மாப்பிள்ளை. கவுண்டர்ல பயங்கரக் கூட்டம்," என்றாள் அக்கா. "எப்படியும் ரெண்டு நாள் ஆகுமாம்."