பிரிக்காத பொட்டலம்

என் அக்கா கோமு தாமிரபரணித் தண்ணீரில் கண்ணைத் திறந்துகொண்டு முங்குவாள். எங்கள் வீடு அப்போது குறுக்குத்துறைப் பக்கம் இருந்தது. ஆற்றுக்கு நடுவில் முருகன் கோயில் நிற்குமே, அங்கேதான். மற்றப் பெண்பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு போட்டுத் தலை துவட்டுகிற நேரத்தில், இவள் அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். அம்மா கரையில் நின்று கத்துவாள். மேலே வந்ததும் கண்டதையெல்லாம் என்னிடம்தான் சொல்வாள். பாறைமேல் வெயில் நெளிகிறதாம். கெண்டைக்குஞ்சுகள் கால்விரலைக் கொத்த வருகின்றனவாம். மணல் தானாக நடந்து போகிறதாம். நான் முங்கினால் கண் எரியும், வேறொன்றும் தெரியாது. அதனால் அவள் சொன்னதை நம்பி வளர்ந்தவன் நான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆற்றில் இறங்கவில்லை. வாழ்க்கைப்பட்டது டவுனில், ஆவுடைநாயகம் அத்தானுக்கு. கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். குடி கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. தண்ணீர் என்றால் மட்டும் பயம். ஆற்றங்கரைக்கே போனாலும் படித்துறையில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்கிற ஆள். இன்னொரு வியாதியும் உண்டு. எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்ப்பார்.

நம் ஊரில் பூக்கட்டிப் பார்க்காத வீடு எது? இலைத்துண்டில் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் கட்டி, குலுக்கி, சாமி முன்னால் வைத்து, சம்பந்தமில்லாத ஒருத்தரை எடுக்கச் சொல்வோம். எல்லாரும் கல்யாணம், வீடு என்று பெரிய காரியத்துக்குத்தான் கேட்பார்கள். அத்தான் மிக்ஸி வாங்குவதற்கும் கேட்டவர். அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தார். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. சாமி மறைத்ததை மனுஷன் பார்க்கக்கூடாதாம். அதை அப்படியே ஆற்றில் விட்டுவிடுவார்.

கல்யாணமான புதிதில் அக்காவுக்கு விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. "எனக்கு இந்த வேலைக்குப் போணும்" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். வெள்ளை வந்தால் வேண்டாம், சிவப்பு வந்தால் போகலாம் என்றார் அத்தான். வெள்ளை வந்தது. அக்கா அடுப்படிக்குப் போய்ச் சொதிக்குத் தேங்காய் துருவினாள். சாமியே சொன்ன பிறகு யாரிடம் போய் முறையிடுவது? அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் 'எனக்கு' என்று தொடங்கி அவள் பேசி நான் கேட்கவில்லை. பிள்ளைக்கு, அவருக்கு, வீட்டுக்கு என்றே ஓடிவிட்டது.

போன தை மாதம் அவர்கள் மகன் கார்த்திகேசன் பெங்களூரிலிருந்து போன் பண்ணினான். அப்பா அம்மாவுக்கு அந்தமானுக்கு டிக்கெட் போட்டிருந்தான், துணைக்கு எனக்கும். தீவு தீவாகப் போகலாம், ஆனால் முழங்கால் வலிக்காரர்களைக் கூட்டிக்கொண்டு எல்லாத் தீவுக்கும் ஓட முடியாது என்றான். போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கிற ராஸ் தீவை அரைநாளில் பார்த்துவிடலாம். அதற்கு மேல் ஒரே ஒரு தீவில்தான் தங்க முடியும். நீல் தீவா, ஹேவ்லாக்கா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். நீல் அமைதியான இடம், கரையில் நாற்காலி போட்டுச் சாய்ந்துகொள்ளலாம். ஹேவ்லாக்கில் கடலுக்குள் முகத்தை வைத்துப் பவளப்பாறையைப் பார்க்கலாம். இதைச் சொல்லிவிட்டு ஒரு வீடியோவும் அனுப்பிவைத்தான்.

அக்கா அடுப்படியில் நின்று அந்த வீடியோவைப் பார்த்தாள். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. திரும்பவும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு ஹேவ்லாக் போணும்" என்றாள்.

அத்தான் பதறிப்போனார். சர்க்கரை இருக்கிறது, முழங்கால் இப்படி இருக்கிறது, இந்த வயதில் கடலுக்குள் தலையைக் கொடுப்பதா என்று ஆரம்பித்தார். அக்கா 'சரி, வேண்டாம்' என்று சொல்லவில்லை. அவருக்கு அதுதான் பழக்கமில்லாதது. கடைசியில் பூக்கட்டிப் பார்த்துவிடுவோம் என்றார்.

மறுநாள் காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு மூன்று பேரும் போனோம். வாசலில் பூ விற்கிற இசக்கியம்மாவிடம் அத்தான் முன்னாடியே வந்து பூ வாங்கிப் பொட்டலம் கட்டித் தயாராக வைத்திருந்தார். வெள்ளை என்றால் நீல், சிவப்பு என்றால் ஹேவ்லாக். எடுப்பதற்கு அக்கம்பக்கம் வேறு ஆள் இல்லாததால் இசக்கியம்மாவையே உள்ளே கூப்பிட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கும்பிட்டு, ஒன்றை எடுத்துப் பிரித்தாள். நந்தியாவட்டை. அத்தான் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அக்கா வழக்கம்போலக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். தேங்காய் துருவக் கிளம்பிவிட்டாள் என்று நினைத்தேன். அப்போது இசக்கியம்மா வெள்ளந்தியாகச் சொன்னாள்:

"வெள்ளை வராம வேற என்ன வரும் அண்ணாச்சி? இன்னைக்கு என்கிட்ட செவ்வரளியே இல்லயே. நீங்க ரெண்டும் நந்தியாவட்டைதான வாங்குனிய?"

அக்கா நின்றாள். திரும்பி வந்தாள். பிள்ளையார் முன்னால் கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கக்கூடாது என்று அத்தான் கையை நீட்டினார். அவள் அதைப் பார்க்கவே இல்லை. பைய இலையைப் பிரித்தாள். உள்ளே வெள்ளைப் பூ. இரண்டு பூவையும் பக்கத்தில் பக்கத்தில் சாமி காலடியில் வைத்தாள்.

"நீங்க பிள்ளையார்ட்ட ஒண்ணும் கேக்கல. அதனால நானே சொல்லுதேன். ஹேவ்லாக்."

எனக்குக் கடல் என்றால் திருச்செந்தூர்தான். ஹேவ்லாக் போகிற கப்பலில் மேல்தளத்தில் நின்று பார்த்தபோது, நீலம் என்கிற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் எப்படிப் பேசினோம் என்று இருந்தது. ஓரிடத்தில் மை போலக் கறுத்தது, அடுத்த இடத்தில் மயில்கழுத்து, கரையை நெருங்க நெருங்கக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர். அத்தான் உள்ளே கண்ணை மூடிக் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டு இருந்தார்.

அங்கிருந்து படகில் ஒரு கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். கண்ணையும் மூக்கையும் மூடுகிற கண்ணாடி, வாயில் கடித்துக்கொள்ள ஒரு குழாய், பிடித்து மிதக்க ரப்பர் வளையம். பழக்கிவிடுகிற பையன் இந்தியில் சொன்னதை அக்கா பாதியில் நிறுத்தினாள். தலையைக் கவிழ்த்தாள். அவ்வளவுதான். குறுக்குத்துறையில் அடியில் போய் உட்கார்ந்த பெண்பிள்ளை கடலுக்குள் போய்விட்டது.

அவளைத் தொடர்ந்து நானும் முகத்தை வைத்தேன். இதை எப்படிச் சொல்ல? காலுக்குக் கீழே ஒரு ஊரே இருந்தது. மான்கொம்பாய்க் கிளைத்த பவளம், சுருட்டி வைத்த சேலை போலப் பவளம். மஞ்சள் கோடு போட்ட மீன்கள் கூட்டமாய் வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவன் ஒன்றுமில்லை என்று திரும்பிப் போயின. நீல உதடு வைத்த பெரிய சிப்பி ஒன்று மூடியது, திறந்தது. வெயில் எல்லாவற்றின் மேலும் நெளிந்தது, அக்கா சின்ன வயதில் சொன்னது போலவே. என் கண் எரியவில்லை. எனக்குப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

அக்கா எழுந்து கண்ணாடியைக் கழற்றினாள். அழுதிருந்தாள். நேரே கரைக்கு நடந்துபோய் அத்தான் கையைப் பிடித்து இழுத்தாள். சொம்புக் குளியல்காரர் இடுப்பளவு தண்ணீருக்கு எப்படி வந்தார் என்று எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான். கண்ணாடியை அவருக்கு மாட்டினாள்.

"பாருங்க. இதைத்தான் எனக்கு வேண்டாம்னு வச்சிய."

அவர் குனிந்தார். பதறி எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. முதுகு மட்டும் வெளியே தெரிய, அக்கா கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். பிறகு எழுந்தார். மூச்சு வாங்கினார். கடலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"கோமு, அந்த டீச்சர் வேலைக்கும் ரெண்டும் வெள்ளைதான் வச்சேன்."

"மத்ததுக்கெல்லாம்?"

"மத்ததெல்லாம் நெசமாத்தான் கேட்டேன். நீ உனக்குன்னு கேட்டது ரெண்டே ரெண்டுதான். அதுக்குத்தான் அப்படி வச்சேன்."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை வருஷத்துப் பேச்சும் இப்போது வரும் என்று நான் காத்திருந்தேன். அவள் அவர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தான் மாட்டிக்கொண்டாள். அவர் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டு, முகத்தைக் கடலுக்குள் வைத்து, மெல்ல மிதந்து போனாள்.

அத்தானுக்குத் தனியாகக் கரைக்கு வரத் தைரியமில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அக்கா பார்த்து முடித்துவிட்டு வரட்டும் என்று கரையேறி மணலில் உட்கார்ந்துகொண்டேன்.