நின்றபடியே வந்த பெண்

புது ரப்பர் கையுறையின் வாடை மூக்கில் ஏறினால் மலேசியாவின் பீடோரில் பஸ் ஏறிய அந்தப் பெண் நினைவுக்கு வருகிறாள். இன்றும் எந்தப் பஸ்ஸிலும் என் கண் அவளைத் தேடுகிறது. இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் மாணவி. ஒல்லியான தோளில் கனத்த பை. இருக்கைகள் காலியாகக் கிடந்தும் தஞ்சோங் மாலிம் வரை நின்றபடியே வந்தாள்.

“சீட் என்ன கடிக்குமா, தங்கச்சி?” டிரைவர் சீண்டினார்.

“அம்மா கையுறை ஃபேக்டரில நாள் முழுக்க நிக்கிறாங்க. எங்கெங்க வலிக்கும்னு தெரியாம நான் என்ன படிச்சு என்ன லா, அண்ணே!”

வெளியே செம்பனை மரங்கள் ஓடின. எனக்கு உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்தது.

அவள் இறங்கும்போது கேட்டேன்: “படிச்சு முடிச்சு என்னம்மா செய்வே?”

“உக்காந்தே வேலை செய்ற மாதிரி அந்த ஃபேக்டரி லைனை மாத்தணும். அது வரைக்கும் அம்மா காலு தாங்கணும், அங்கிள்.”