மரியாதை ரெய்டு

கபடி லீக்கில் எங்கள் அணி ஆளெடுக்கிற நாளில் கடைத்தெருவில் டிவி இருக்கிற இடமெல்லாம் கூட்டமாக இருக்கும். பெரிய பெயர்கள் முதலிலேயே போய்விடும். சேனல்காரனும் அதோடு கடையைக் கட்டிவிடுவான். எனக்கும் என் நண்பருக்கும் அதற்குப் பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். இளம் வீரர்கள் பட்டியலிலிருந்து ஒவ்வொரு அணியும் ரவுண்டு ரவுண்டாக ஆள் எடுக்கும். கடைசி ரவுண்டில் வருகிற பெயர்களை ஒருத்தனும் வாசிக்கமாட்டான். நாங்கள் வாசிப்போம்.

நான் தென்காசியில் ஒரு பிளெக்ஸ் அச்சடிக்கிற கடையில் டிசைன் போடுகிறவன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கை வழியாகத்தான் ரோட்டுக்கு வரும். நண்பர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். கடைசி ரவுண்டு ஆட்களை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொள்வோம். அவரவர் பங்குக்கு வந்தவன் எந்த ஊர், எந்தக் கல்லூரியில் ஆடினான், வலது பக்கம் ஏறுவானா இடது பக்கமா என்று துருவித் துருவி விசாரித்து, நாங்கள் நடத்துகிற ரசிகர் பக்கத்தில் எழுத வேண்டும். இதுதான் எங்கள் வழக்கம். அந்த ஆள் சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். கேமரா தப்பித்தவறி அந்தப் பக்கம் திரும்பினால் நண்பரிடமிருந்து உடனே மெசேஜ் வரும்: "ஒம்ம ஆளு தண்ணி பாட்டில் எடுத்துக் குடுக்கான் வேய்." என் மனைவி, "இதுக்கு ஒரு நல்ல டாக்டராப் பாருங்களேன்" என்பாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கடைசி ரவுண்டில் ஆய்க்குடிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் பெயர் வந்தது. இத்தனை வருஷம் பங்கு போட்டதில் எங்கெங்கோ இருந்து ஆள் வந்திருக்கிறான், நம் ஊர்ப்பக்கத்திலிருந்து எவனும் வந்ததில்லை. நண்பர் போனில், "இவனுக்குப் பங்கே வேண்டாம் வேய், ஒமக்குத்தான். நீரு பக்கத்துல இருக்கீரு" என்று விட்டுக்கொடுத்தார். மறுநாளே நான் அவனைப் பற்றி விசாரித்து ரசிகர் பக்கத்தில் எழுதிவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு அவனே பைக்கில் கடைக்கு வந்தான். ஒல்லியான நெட்டை உடம்பு. பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடுக்க வேண்டும், அப்படி ஒரு குரல். "நீங்க எழுதுனதத்தான் அண்ணாச்சி எங்கம்மா எல்லாருக்கும் காட்டுதா" என்றான். எனக்கு அன்றைக்கு சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த சீசனில் அவன் ஒரு நிமிஷம்கூட களத்தில் இறங்கவில்லை. ஒரே ஒரு ஆட்டத்தில் எங்கள் முக்கியமான ரெய்டருக்கு அடிபட்டு, கோச் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார். இவன் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான். நானும் வீட்டில் எழுந்து நின்றுவிட்டேன். கோச் இவனுக்குப் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டார். இவன் சட்டையை மறுபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அது டிவியில் இரண்டு நொடி வந்திருக்கும். கோச்சை நான் திட்டிய திட்டுக்கு என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள்.

சீசன் முடிந்து ஊருக்கு வந்தவனிடம் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. ஜூன் மாதம் கேம்ப். "உடம்ப அப்படியே வச்சிக்கிட்டு வா, அடுத்த சீசன் எறக்கிப் பாக்கலாம்னு கோச் சொல்லிருக்காரு அண்ணாச்சி" என்றான். அதுவரைக்கும் வேறு எங்கேயும் ஆடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். தினமும் விடிகாலையில் குத்துக்கல்வலசை வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்புவான். அவனுடைய மொத்த வாழ்க்கையும் அந்த ஜூன் மாதத்துக்காகக் காத்திருந்தது.

சித்திரையில் கீழப்பாவூர் தாண்டி ஒரு சின்ன ஊரில் கோயில் கொடைத் திருவிழா. கொடைக்குக் கபடிப் போட்டி வைத்திருந்தார்கள். பிளெக்ஸ் அடிக்க வந்தவர்களிடம் என் வாய் சும்மா இருக்கவில்லை. லீக் பிளேயரையே சிறப்பு விருந்தினராகக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் பைனலுக்கு முன்னால் விருந்தினர் ஒரு ரெய்டு போவது வழக்கம். கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்புவார். எதிராளிகள் ஒதுங்கி நின்று வழிவிடுவார்கள். மரியாதை ரெய்டு என்று அதற்குப் பெயர். பையன் தயங்கினான். "கையெழுத்து போட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றான். "இது ஆட்டமாலே? சும்மா பாடிட்டு வாரதுதான். ஒருத்தனும் தொடமாட்டான்" என்றேன். எனக்காகத்தான் வந்தான்.

இனி எழுதப்போவது என் நண்பருக்கும் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. அவன் கோட்டுக்கு வெளியே நின்று கையைக் காலை உதறிக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்ப்பக்கம் இடது கார்னரில் நின்றவனிடம் நான் போனேன். உள்ளூர்க்காரன், செங்கல் லாரி ஓட்டுகிறவன், நல்ல பிடிகாரன்.

"ஏலே, அவன் வந்தா சும்மா விட்றாத. காலப் பிடி" என்றேன்.

"மரியாதைக்கு வாரவரப் பிடிக்கவா அண்ணாச்சி?"

"பிடிலே. நெசமாவே பிடி. எப்படி உருவிட்டுப் போறாம்னு பாரு."

ஏன் சொன்னேன்? ஒரு சீசன் முழுக்க, ஒருவன் உட்கார்ந்திருப்பதை மட்டுமே பார்த்த கண்ணுக்கு ஆசை வந்துவிட்டது. அவன் ஒரு பிடியிலிருந்து தப்பித்து வருவதை ஒரே ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும். இந்தப் புத்தி ஒரு ரசிகனுக்குத்தான் வரும். அவனைப் பெற்றவளுக்கு வருமா?

அவன் பாடிக்கொண்டே உள்ளே போனான். எல்லோரும் சிரித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். இடது கார்னர் மட்டும் குனிந்தான். கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தான். பையன் உடனே சுதாரித்து, உடம்பைத் திருப்பி இழுத்தான். அவன் ரப்பர் மேட் விரித்த களத்தில் ஆடிப் பழகியவன், இங்கே இருந்தது உழுது தண்ணி தெளித்த மண். கால் மண்ணில் மாட்டிக்கொண்டது, உடம்பு மட்டும் திரும்பியது. பாடுவதை நிறுத்திவிட்டான். கத்தவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினான், கூட்டத்தில் அவனுக்குத் தெரிந்த முகம் நான் ஒருத்தன்தான்.

தென்காசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாலும் எழுந்து ஓட ஒரு வருஷம் ஆகும் என்றார் டாக்டர். கட்டிலில் படுத்துக்கொண்டு அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "டீமுக்கு என்ன அண்ணாச்சி சொல்ல?" ஆடினதால் அடிபட்டது என்று தெரிந்தால் அன்றைக்கே கதை முடிந்துவிடும். அங்கேயும் என் வாய்தான் முந்தியது. "குத்தாலத்துல குளிக்கப் போன இடத்துல பாறையில வழுக்கிட்டுன்னு சொல்லு. நம்ம ரசிகர் பக்கத்துலயும் நானே எழுதிருதேன்." கொடைக்காரர்கள் அன்று சாயங்காலமே பிளெக்ஸைக் கழற்றி மடக்கிவிட்டார்கள். ஊரில் யாரும் வாய் திறக்கவில்லை, அவர்களுக்கும் பயம்.

எழுதினேன். "அருவியில் வழுக்கி விழுந்த நம்ம தம்பி சீக்கிரம் குணமடையப் பிரார்த்திப்போம்" என்று, கைகூப்பிய படமெல்லாம் போட்டு. அது சித்திரை மாதம் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. தென்காசியில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா அது? மெயினருவியில் சொட்டுத் தண்ணி கிடையாது, பாறை வெயிலில் சுட்டுக் கிடக்கிறது. கால் மணி நேரத்துக்குள் ஒருத்தன் வந்துவிட்டான்: "அருவி காஞ்சு கெடக்கு. எந்தப் பாறையில வழுக்குனான்?" அடுத்தவன், "பாட்டிலோட போயிருப்பான்" என்றான். அதற்குப் பிறகு ஒரே கும்மாளம். குடிகாரன் என்றார்கள், இவனையெல்லாம் எதுக்கு எடுத்தார்கள் என்றார்கள். இரண்டை அழித்தேன். "அட்மின் ஏன் அழிக்காரு, கூடக் குடிச்சவரா?" என்று நாலு வந்தது. நண்பர் போன் பண்ணினார். கொடையில் அடிபட்டது அவருக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. "தண்ணி இல்ல, ரூமெல்லாம் காலியாக் கெடக்குன்னு நேத்துதான வேய் ஒம்மகிட்ட பொலம்புனேன். கொஞ்சமாச்சும் யோசிக்க வேண்டாமா?" என்றார்.

யாரோ அதையெல்லாம் படம் பிடித்து அணியின் பக்கத்திலேயே போட்டுவிட்டார்கள். ஆபீஸிலிருந்து அவனைக் கூப்பிட்டு, குடிப்பாயா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறான். சரி என்று போனை வைத்துவிட்டார்களாம். அவன் பீடிகூடத் தொடாதவன் என்று எழுத ஆரம்பித்தேன். அப்படியானால் எப்படி விழுந்தான் என்று அடுத்த கேள்வி வருமே. எழுதினதை அழித்துவிட்டேன்.

கேம்புக்கு முன்னால் விடுவித்த வீரர்கள் பட்டியல் வந்தது, அதில் கடைசிப் பெயர் அவனுடையது. நண்பர் அதை எங்கள் ரசிகர் பக்கத்தில் போட்டார். மூன்று பேர் பார்த்துச் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் ஆளெடுத்தபோது இளம் வீரர்கள் பட்டியலை மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தேன். எந்த அணியும் எடுக்காதவர்கள் பட்டியலிலாவது இருப்பான் என்று அங்கேயும் தேடினேன். இல்லை. அவனை யாரும் சேர்க்கவே இல்லை. மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவனைப் பார்க்கப் போனேன். நடந்ததையெல்லாம் சொல்லிவிடுவது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு பண்ணித்தான் போனேன்.

செங்கோட்டை ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க்கில் வேலை பார்க்கிறான். ஆபரேஷன் செய்த கால் முழுக்க மடங்காது என்று ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உடம்பு போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அண்ணாச்சி. இந்த வருசம் கடைசி ரவுண்டுல யாரு வந்திருக்கான்?" என்று கேட்டான். தெரியாது என்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கேட்டான்.

"அன்னைக்கு எங்காலப் பிடிச்சாம்லா ஒருத்தன், அவன் என்ன செய்யுதான்?"

"லாரிதான் ஓட்டுதான்."

"பாத்தா நான் கேட்டேன்னு சொல்லுங்க. பாவம், தன்னாலதான்னு நெனச்சிக்கிட்டு இருப்பான். அவன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. எல்லாரும் மரியாதைக்கு வந்தவன்னு ஒதுங்கி நிக்கானுவ. அவன் மட்டும் என்னைய நெசமாவே பிடிக்க வந்தான். சீசன் பூரா அங்கன உக்காந்திருந்தேன், இவன எறக்கித்தான் பாப்பமேன்னு ஒருத்தருக்கும் தோணல. அவனுக்குத் தானாத் தோணிருக்கு பாருங்க, இவன் ஒரு பிளேயரு, இவன விடக்கூடாதுன்னு. அத நெனச்சிக்கிட்டுத்தான் அண்ணாச்சி நான் இருக்கேன்."

ஒரு கார் வந்து நின்றது. அவன் காலை இழுத்து இழுத்துப் போய்க் குழாயை எடுத்தான். நான் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அவனிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான், அதை நான் எந்த வாயால் பிடுங்குவேன்.